கண்ணகி நகர் என்றாலே பயமா? கேஸ் கணக்கு சொல்வது என்ன, மறைப்பது என்ன?

சென்னை:

ராத்திரி 10 மணிக்கு மேல் திருவான்மியூரில் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி "கண்ணகி நகர் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். சில டிரைவர்கள் பதிலே சொல்லாமல் கிளம்பி விடுவார்கள். சிலர் "மெயின் ரோட்டுல இறக்கி விடுறேன், உள்ளே வரமாட்டேன்" என்பார்கள்.

வேலை கேட்டுப் போகிற பையனுக்கும் இதே கதிதான். விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்ததும் "அப்புறம் கூப்பிடுறோம்" என்று அனுப்பி விடுவது சகஜம். அதனாலேயே வேளச்சேரியில் சித்தப்பா வீடு, மயிலாப்பூரில் மாமா வீடு என்று வேறு விலாசம் எழுதிக் கொடுப்பவர்கள் இங்கே ஏராளம்.

அந்த ஏரியாவில் நிஜமாகவே குற்றம் அதிகமா? எந்தக் கணக்கை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்? விசாரித்தால் போலீஸ் ஸ்டேஷன் ரிஜிஸ்தர் முதல் டெல்லி வரை நீளுகிறது விஷயம்.

25 வருஷக் கதை

பழைய மாமல்லபுரம் ரோட்டில் ஒக்கியம் துரைப்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது கண்ணகி நகர். 2000-ம் ஆண்டு வாக்கில் குடிசை மாற்று வாரியம் இங்கே வீடுகளைக் கட்டி ஆட்களைக் குடியேற்ற ஆரம்பித்தது. 2021-ல் அந்த வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

கூவம் கரை, அடையாறு கரை, பக்கிங்காம் கால்வாய் கரை என்று சென்னையின் நடுப்பகுதியில் காலம் காலமாகக் குடியிருந்தவர்கள்தான் இங்கே வந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குடும்பங்களும் வந்தன. பக்கத்தில் எழில் நகர் எழும்பியது. தெற்கே செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அடுத்தடுத்து குடியிருப்புகள் முளைத்தன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் அனுப்பப்பட்டன.

கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்து 656 வீடுகள். எழில் நகரையும் சேர்த்தால் 23 ஆயிரத்து 704. வீட்டுக்கு 4 பேர் என்று வைத்தாலே 94 ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு தாலுகா தலைநகரத்தின் ஜனத்தொகையே ஒரே பேட்டையில் அடைந்து கிடக்கிறது என்று சொல்லலாம்.

ஆரம்பத்தில் கட்டிய வீடுகள் 195 சதுர அடிதான். ஒரே ரூம், அதிலேயே அடுப்பு. அப்பா, அம்மா, வயசுக்கு வந்த பிள்ளைகள், பாட்டி எல்லாரும் அதற்குள்தான். பொம்பளைப் பிள்ளைகள் உள்ளே படுத்தால் ஆம்பளைப் பையன்கள் மாடிப்படியிலும் தெருவிலும்தான் பொழுதைக் கழிக்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கு "ஏன்டா தெருவுல நிக்கிற?" என்று ரோந்து போலீஸ் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்?

வேலை போனதுதான் பெரிய அடி. மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகரில் வீட்டு வேலை செய்த பெண்கள் பஸ் ஏறி 2 மணி நேரம் போய் வர வேண்டியதாகி விட்டது. பலர் வேலையை விட்டார்கள். பல பிள்ளைகள் படிப்பை பாதியில் விட்டன. இன்றைக்கு அக்கம்பக்கத்து கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலை பார்ப்பவர்களில் கணிசமானோர் இந்த ஏரியா ஆட்கள்தான். இவர்கள் துடைத்து வைக்கிற ஆபீசிலேயே இவர்கள் ஏரியாவைப் பற்றி "டேஞ்சர் இடம்" என்று பேச்சு ஓடும்.

கெட்ட பேரு எப்படி வந்தது?

"அடையாறில் செயின் பறிப்பு: கண்ணகி நகர் வாலிபர்கள் 2 பேர் கைது" என்ற மாதிரி தலைப்பைப் படிக்காதவர்கள் இருக்க முடியாது. மாலைப் பத்திரிகைகள் அனைத்திலும் இது வழக்கமான தலைப்புதான்.

இந்தத் தலைப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சம்பவம் நடந்தது அடையாறில். கேஸ் பதிவாவது அடையாறு ஸ்டேஷனில். குற்றக் கணக்கில் ஏறுவதும் அடையாறு பக்கம்தான். ஆனால் படிக்கிறவர் மனதில் பதிவது கண்ணகி நகர்!

குற்ற விகிதம் என்பது சம்பவம் நடந்த இடத்தை வைத்துப் போடுகிற கணக்கு. கைதானவர் எந்த ஊர், எந்தத் தெரு என்பது அதில் வராது. "அந்த ஏரியாவில் குற்றம் ஜாஸ்தி" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் "அந்த ஏரியா ஆட்கள் பெயர் செய்தியில் அடிக்கடி வருது" என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ரெண்டும் வேறு வேறு.

கண்ணகி நகரில் செல்போன் பறிகொடுத்த கூலித் தொழிலாளியின் செய்தியோ தலைப்புக்கே வராது. 8 ஆயிரம் ரூபாய் போனுக்கு யார் தலைப்பு போடுவார்கள்? அந்த 8 ஆயிரம் அவருக்கு அரை மாசச் சம்பளமாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

டெல்லி போடும் கணக்கு

நாடு முழுக்க நடக்கும் குற்றங்களைத் தொகுத்து வெளியிடுவது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். டெல்லியில் இருக்கிறது. 1986-ல் ஆரம்பிக்கப்பட்டது. வருஷா வருஷம் இது வெளியிடும் புத்தகத்தில் இருந்துதான் "பாதுகாப்பான நகரம் எது?" என்ற செய்தியெல்லாம் வருகிறது.

கணக்கு போடும் முறை சுலபம்தான். ஒரு வருஷத்தில் பதிவான கேஸ்களை ஜனத்தொகையால் வகுத்து, லட்சம் பேருக்கு எத்தனை கேஸ் என்று பார்க்கிறார்கள். 2022-ம் ஆண்டு கணக்கில் கொல்கத்தா 86.5 என்ற விகிதத்தோடு பெருநகரங்களிலேயே குறைவாக இருந்தது. புனே 280.7, ஐதராபாத் 299.2.

இதில் முதல் கோளாறு ஜனத்தொகை. பெருநகரங்களுக்கு இவர்கள் எடுத்துக்கொள்வது 2011 கணக்கெடுப்பு. அதன்படி சென்னைப் பெருநகரம் 86 லட்சத்துக்கு மேல். அதன் பிறகு ஓ.எம்.ஆர். பக்கம் மட்டும் எத்தனை அடுக்குமாடிகள் வந்தன என்பது ஊருக்கே தெரியும். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப் போய், 2027-க்குப் போய் விட்டது. ஆள் கூடியிருக்கிறது, வகுக்கிற எண் பழசு. அப்படியானால் விகிதம் உள்ளதை விட கூடத்தானே காட்டும்?

அடுத்த கோளாறு இன்னும் வேடிக்கை. 2019-ல் தமிழ்நாட்டில் பதிவான இந்திய தண்டனைச் சட்ட வழக்குகள் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம். மறு வருஷம் 2020-ல் அது 8 லட்சத்து 90 ஆயிரத்தைத் தாண்டியது. ஒரே வருஷத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லாரும் திருடர்களாகி விட்டார்களா? இல்லை. கொரோனா ஊரடங்கில் வெளியே சுற்றியவர்கள் மேல் 188-வது பிரிவில் போட்ட கேஸ்கள்தான் எகிறி விட்டன. பால் பாக்கெட் வாங்கப் போய் வண்டியைப் பறிகொடுத்தவரும் அந்த வருஷக் "குற்றவாளி"தான்!

ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்தால் அதில் பெரிய குற்றம் ஒன்றை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். வீட்டுக்குள் புகுந்து கொலை செய்து நகையை அள்ளிப் போனால் கணக்கில் அது ஒரு கொலை மட்டுமே. நகை போனது தனியாக ஏறாது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு நம்ம தெரு எப்படி என்று தெரிந்து கொள்ள முடியுமா என்றால், முடியாது. அந்தப் புத்தகத்தில் நகரம் வரைக்கும்தான் விவரம் உண்டு. ஏரியா வாரியாகவோ ஸ்டேஷன் வாரியாகவோ கிடையாது. வெளிவருவதும் தாமதம். 2023-ம் ஆண்டு கணக்கு வெளியானது 2025 செப்டம்பர் கடைசியில்தான்.

கண்ணகி நகர் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் சேர்ந்து கொண்டது. குடியேற்றம் ஆரம்பித்தபோது இந்தப் பகுதி காஞ்சீபுரம் மாவட்ட போலீசில் இருந்தது. 2008-ல் புறநகருக்கென்று தனி கமிஷனர் அலுவலகம் வந்தது. 2011-ல் அது சென்னை மாநகர போலீசோடு இணைந்தது. 2022 ஜனவரி 1-ந்தேதி தாம்பரம், ஆவடி என்று 2 புதிய கமிஷனர் அலுவலகங்கள் வந்தபோது கண்ணகி நகர் தாம்பரம் பக்கம் போனது. மாநகராட்சி கணக்கில் மட்டும் 2011 முதல் சென்னையில்தான் இருக்கிறது. அப்போது குப்பை அள்ளியது சென்னை, திருடனைப் பிடித்தது தாம்பரம்! இப்படி கைமாறிக்கொண்டே போன ஏரியாவில் "10 வருஷத்துக்கு முன்னாடி எவ்வளவு, இப்போ எவ்வளவு" என்று ஒப்பிடுவது லேசுப்பட்ட காரியம் அல்ல.

துண்டுச் சீட்டில் நிற்கும் புகார்

கணக்கு எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேதான் பெரிய ஓட்டை. ஸ்டேஷன் வாசல்!

பஸ்சில் போன் போய் விட்டது என்று புகார் கொடுக்கப் போனால் முதலில் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. இது எப்.ஐ.ஆர். இல்லை. புகார் வந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். எப்.ஐ.ஆர். பதிவானால்தான் அது வழக்கு. வழக்கானால்தான் டெல்லிக் கணக்கில் ஏறும்.

சி.எஸ்.ஆரோடு எத்தனை புகார்கள் நின்று விடுகின்றன? "போன் தானே, தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடும்மா" என்று சொல்லி, திருட்டை "காணவில்லை" ஆக்கி விடுவது பல ஊர் ஸ்டேஷன்களில் கேட்கிற பேச்சுதான். காணாமல் போனது குற்றம் இல்லையே. ஆகவே குற்றம் குறைந்து விடுகிறது.

சும்மா ஒரு கணக்குக்கு 2 ஏரியாக்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் 10 போன் திருடு போய் 10-க்கும் எப்.ஐ.ஆர். போடுகிறார்கள். இன்னொன்றில் 30 போன் போய் 6-க்கு மட்டும் போடுகிறார்கள். புத்தகத்தில் எது மோசமான ஏரியா? முதல் ஏரியாதான்! ஒழுங்காக கேஸ் போட்ட இன்ஸ்பெக்டருக்கு மேலிடத்தில் திட்டு விழும். கேசை அமுக்கியவர் "கிரைமைக் குறைத்தவர்" என்று பேர் வாங்குவார்.

இது வெளியாள் கண்டுபிடித்த குறை அல்ல. வழக்கு எண்ணிக்கை கூடுவதும் குற்றம் கூடுவதும் ஒன்றல்ல என்று அந்த டெல்லிப் புத்தகமே முன்னுரையில் எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

இன்னொரு பக்கம், போலீஸ் தேடிப் போய் போடுகிற கேஸ்கள் இருக்கின்றன. குடித்து விட்டு பொது இடத்தில் ரகளை செய்தால் சென்னை மாநகர போலீஸ் சட்டத்தில் 75-வது பிரிவு. "செவன்டி ஃபைவ் கேஸ்" என்றால் வடசென்னை, தென்சென்னை எங்கேயும் புரியும். கஞ்சா பொட்டலம் வைத்திருந்தால் போதைப் பொருள் தடுப்புச் சட்டம். 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்குப் போனால் வணிக அளவு. 2022-ல் தமிழ்நாடு போலீஸ் "கஞ்சா வேட்டை 2.0" என்று மாநிலம் முழுக்க சல்லடை போட்டபோது கேஸ்கள் குவிந்தன.

இந்த மாதிரி கேஸ்கள் எங்கே தேடுகிறார்களோ அங்கேதான் கிடைக்கும். வாட்ச்மேன் நிற்கிற அடுக்குமாடியின் 14-வது மாடியில் பார்ட்டி நடந்தால் ரோந்து ஜீப் கண்ணில் படாது. கண்ணகி நகர் பையன் தெருமுனையில் நின்றால் பட்டுவிடும். தேடுதல் கூடினால் கேஸ் கூடும், கேஸ் கூடினால் "பதற்றமான ஏரியா" என்று தேடுதல் இன்னும் கூடும்.

ஒரு தடவை மாட்டினால் அதோடு போவதில்லை. சரித்திரப் பதிவேடு திறந்து ஏ பிளஸ், ஏ, பி, சி என்று ரவுடிகளைத் தரம் பிரித்து வைக்கிறார்கள். தேர்தல், திருவிழா, தலைவர்கள் வருகை என்றால் பழைய பதிவேட்டில் உள்ளவரைக் கூட்டி வந்து நன்னடத்தை பிணைப்பத்திரம் எழுதி வாங்குவார்கள். அதை மீறினால் மிச்ச நாட்களுக்கு ஜெயில். அதற்கும் மேலே 1982-ம் ஆண்டு குண்டர் சட்டம். அதில் போனால் ஒரு வருஷம் வரை வெளியே வர முடியாது. நிஜமான தாதாக்களை அடக்க இதெல்லாம் தேவைதான், மறுக்க முடியாது. ஆனால் 19 வயசில் ஒரு அடிதடி கேசில் சேர்ந்து, பிறகு கல்யாணம் ஆகி பெயிண்டிங் வேலைக்குப் போகிறவன் வீட்டுக் கதவையும் ராத்திரியில் தட்டுகிறார்கள் என்ற புலம்பலும் இங்கே உண்டு.

அப்போ ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. பொய் சொல்லி மூடி மறைக்கத் தேவையில்லை. கோஷ்டி மோதலில் வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. கஞ்சா, போதை மாத்திரை புழக்கம் பற்றி அங்கே குடியிருக்கிற தாய்மார்களே ஓயாமல் புகார் சொல்கிறார்கள். டாஸ்மாக் சரக்கடித்து விட்டு வருகிற ஆசாமிகளின் தொல்லை பெரும் தொல்லை.

இதையெல்லாம் அனுபவிப்பது யார் என்பதுதான் கேள்வி. அந்தப் பக்கம் போகவே பயப்படுகிற ஓ.எம்.ஆர். கம்பெனிக்காரர் அல்ல. அங்கேயே வாடகைக்கு இருக்கிற, கதவு சரியாகச் சாத்தாத வீட்டில் பிள்ளைகளை விட்டு விட்டு வேலைக்குப் போகிற அம்மாதான்.

கொலைகள் ஏன் நடக்கின்றன என்று வருஷா வருஷம் வரும் கணக்கில் தகராறும் முன்விரோதமும்தான் முன் வரிசையில் நிற்கின்றன. வழிப்பறியில் உயிர் போவது அவற்றோடு ஒப்பிட்டால் குறைவு. சம்பந்தம் இல்லாத ஆளை வெட்ட யாரும் காத்திருப்பதில்லை. பழைய பகையுள்ள இரு கும்பலுக்கு நடுவே தம்பி, மச்சான் என்று மாட்டிக்கொள்கிற பையன்களுக்குத்தான் ஆபத்து.

சிறுமிகள் மீதான பாலியல் குற்றங்களில் நிலைமை இன்னும் கொடுமை. போக்சோ வழக்குகளில் 100-க்கு 90-க்கும் மேல் குற்றம் சாட்டப்படுவது தெரிந்த ஆள்தான். உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், அப்பாவின் சிநேகிதன். இது கண்ணகி நகருக்கு மட்டும் அல்ல, போயஸ் கார்டனுக்கும் பொருந்தும். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை ராத்திரி 8 மணி வரை தனியாக இருக்கிற குடியிருப்பில் இந்த ஆபத்து கூடுதல். தெருவில் கேமரா மாட்டினால் இது தடுக்கப்படாது. கேமரா படிக்கட்டுக்குக் கீழேயே நின்று விடும்.

பெண்களிடம் கேட்டால் அவர்கள் சொல்லும் லிஸ்ட் வேறு மாதிரி. பஸ் ஸ்டாப்பில் இருந்து பிளாக் வரைக்கும் எத்தனை லைட் எரிகிறது? படிக்கட்டில் பல்பு இருக்கிறதா? தண்ணி பிடிக்க விடியற்காலை 4 மணிக்குப் போகும்போது கூட யார் வருவார்கள்? கடைசி பஸ்சை விட்டால் வேறு வழி என்ன? இந்தக் கேள்விகள் எதற்கும் குற்ற விகிதத்தில் இடம் இல்லை. எரியாத லைட்டுக்கு எப்.ஐ.ஆர். கிடையாது. ஆனால் ஒரு பொண்ணு ராத்திரி ஷிப்ட் வேலையை ஒப்புக் கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது இந்த லைட்டை வைத்துத்தான்.

புகாரை எடுக்க மறுத்தால்?

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டங்கள் போய் புதிய சட்டங்கள் வந்து விட்டன. செயின், செல்போன் பறிப்பவர்களுக்கென்றே பாரதிய நியாய சன்ஹிதாவில் 304-வது பிரிவு வந்தது. 3 வருஷம் வரை ஜெயில். முன்பு இதற்கென்று தனிப் பிரிவு இல்லாததால் ஒரு ஸ்டேஷனில் சாதாரண திருட்டு என்பார்கள், இன்னொரு ஸ்டேஷனில் வழிப்பறி என்பார்கள். கத்தியைக் காட்டி, அடித்து உதைத்துப் பிடுங்கினால் அது இப்போதும் வழிப்பறிதான். 10 வருஷம் வரை தண்டனை உண்டு. ஆகவே புகார் எழுதும்போது கீழே தள்ளினானா, கத்தி வைத்திருந்தானா, காயம் பட்டதா என்பதை விட்டு விடாமல் எழுத வேண்டும். பயத்தில் பலர் இதைத்தான் விட்டு விடுகிறார்கள்.

"இது எங்க லிமிட் இல்ல, அந்த ஸ்டேஷனுக்குப் போ" என்று அலைக்கழிப்பது செல்லாது. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். அங்கே பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஆன்லைனிலும் அனுப்பலாம், ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். அதற்குக் காசு கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிப் புகார் வந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் கறாராகச் சொல்லி விட்டது. புதிய சட்டத்தில், 3 முதல் 7 வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்திக் கொள்ளலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த 14 நாளைக் காட்டி மாசக்கணக்கில் இழுக்க முடியாது.

அப்படியும் மறுத்தால் புகாரை எழுதி கமிஷனருக்குத் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைப்பது நல்லது. அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். சி.எஸ்.ஆர். துண்டுச் சீட்டைத் தூக்கிப் போட்டு விடாதீர்கள், இந்த இடத்தில்தான் அது உதவும்.

போன் பறிபோனால் புகாரோடு நின்று விடக்கூடாது. மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். என்ற இணையதளம் 2023 மே மாதம் முதல் நாடு முழுக்க செயல்படுகிறது. போன் பெட்டியில் உள்ள 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பரையும் புகார் ரசீதையும் அதில் ஏற்றினால் போன் முடங்கி விடும். வேறு சிம் போட்டாலும் வேலை செய்யாது. பெட்டியைப் பழைய பேப்பர் கடையில் போட்டு விட்டவர்கள், போன் கையில் இருக்கும்போதே ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்து நம்பரை எழுதி வீட்டில் வைக்கலாம். பணம் போனால் 1930. குழந்தைகள் விவகாரத்துக்கு 1098. பெண்களுக்கு 181. அவசரத்துக்கு 100 அல்லது 112.

கேமராவில் திருடன் முகம் இருக்கும் என்று ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்கிறவர்கள் ஏமாந்து விடுகிறார்கள். கடைகளில் உள்ள கேமராக்களில் இடம் நிறைந்ததும் பழைய பதிவு தானாக அழிந்து விடும். அன்றைக்கே போக வேண்டும்.

விலாசத்துக்கு சர்டிபிகேட்

கண்ணகி நகர் சுவர்களில் 2020-ல் ராட்சத ஓவியங்கள் வரையப்பட்டன. போட்டோ எடுக்க வெளியூர்க்காரர்கள் எல்லாம் வந்தார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் துணை கேப்டன் கார்த்திகா இந்தக் குடியிருப்புப் பொண்ணுதான். "கண்ணகி நகர் கார்த்திகா" என்றே ஊர் அவரைக் கொண்டாடியது. தமிழ்நாடு அரசு 25 லட்ச ரூபாய் பரிசு கொடுத்தது. அந்த வாரம் முழுக்க ஏரியா பெயர் தலைப்பில் இருந்தது, கைது என்ற வார்த்தை இல்லாமல்.

வேலைக்குப் போகிற எல்லாருக்கும் தங்க மெடல் கிடைக்காது. அவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு. தமிழ்நாடு போலீசின் இணையதளத்தில் போலீஸ் சரிபார்ப்புச் சான்றுக்குத் தனி நபரும் விண்ணப்பிக்கலாம், ஆள் எடுக்கிற கம்பெனியும் விண்ணப்பிக்கலாம். ஆதார், போட்டோ, முகவரி கொடுத்து கட்டணம் கட்டினால், அந்த ஆள் மேல் வழக்கு இருக்கிறதா என்று போலீஸ் பார்த்துச் சொல்லும். அதில் பார்ப்பது விண்ணப்பித்தவரின் பெயரையும் அவர் மேலுள்ள வழக்குகளையும்தான். பக்கத்து பிளாக்கில் யார் எந்த கேசில் உள்ளே போனார் என்பது அதில் வராது.

"அப்புறம் கூப்பிடுறோம்" என்று சொல்கிற கம்பெனியிடம், "சரிபார்ப்புக்கு நீங்களே போடுங்க சார், நான் வெயிட் பண்றேன்" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள் சில பையன்கள். விண்ணப்பத்தில் சித்தப்பா வீட்டு விலாசத்தை எழுதினால் இந்தச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால் சொந்த விலாசத்தையே எழுதுகிறார்கள்.